விவாகரத்து ஆனா கடை யாருக்கு? நீலகிரியில தொழில் பண்ற புருஷன் பொண்டாட்டி அடிக்கடி கேக்குற கேள்விகள்

குன்னூர்ல சின்னக் கடைங்களுக்கு கணக்கு எழுதி ஜிஎஸ்டி தாக்கல் பண்றது என் வேலைங்க. வக்கீல் இல்ல. ஆனா ரெண்டு பேருக்கும் சரிப்பட்டு வரலன்னு ஆனதும் முதல்ல கணக்கு நோட்டைத் தூக்கிட்டு எங்ககிட்டதான் வர்றாங்க, ஏன்னா நம்ம மலையில பாதி தொழில் புருஷன் பொண்டாட்டி சேர்ந்து நடத்துறதுதான், சாக்லேட் கடை, வர்க்கி பேக்கரி, தைலக் கடை, காட்டேஜ், தேயிலை எல்லாமே. திரும்பத் திரும்ப கேக்குறதை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சுட்டேன். கேஸ்னு வந்துட்டா வக்கீலைப் பாருங்க, அதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்க இது உதவும்.

விவாகரத்து ஆனா எல்லாத்தையும் பாதி பாதியா பிரிச்சுக் குடுத்துருவாங்களாமே?

இல்லைங்க. இதை நம்பி நிறைய பேர் ஏமாந்து போறாங்க, அதனாலதான் முதல் கேள்வியாவே வச்சேன். கல்யாணத்துக்கு அப்புறம் சம்பாதிச்சது எல்லாம் ரெண்டு பேருக்கும் பொதுன்னு சொல்ற சட்டம் தமிழ்நாட்டுல கிடையாது, கோவால அந்த மாதிரி தனி சட்டம் இருக்கு. இங்க யார் பேர்ல இருக்கோ அவங்களுதுங்கிறதுதான் ஆரம்பம். 1955 இந்து திருமணச் சட்டத்துல செக்‌ஷன் 27னு ஒண்ணு இருக்கு, அதுவும் கல்யாண சமயத்துல ரெண்டு பேருக்கும் பொதுவா வந்த பொருளைப் பத்திதான் பேசுது, பத்து வருஷம் கழிச்சு ஆரம்பிச்ச கடையைப் பத்தி இல்ல. மத்த சொத்துக்கு தனியா உரிமை கேட்டு நிரூபிக்கணும், புருஷன் பொண்டாட்டிக்குள்ள சொத்து வழக்கை 1984 குடும்ப நீதிமன்றச் சட்டப்படி ஃபேமிலி கோர்ட்டே விசாரிக்கலாம்.

கடை அவர் பேர்ல இருக்கு. ஆனா கல்யாணம் ஆனதுல இருந்து கல்லால உக்காந்தது நான், சாக்லேட் ஊத்துனது நான், சம்பளம்னு ஒரு ரூபா வாங்கல. எனக்கு ஒண்ணுமே இல்லையா அக்கா?

அதிகமா வர்ற கேள்வி இதுதான், கேக்கும்போதே மனசு கனத்துப் போயிடும். இருக்குங்க, ஆனா தானா வராது, காட்டி வாங்கணும்.

நீங்க போட்ட உழைப்பையும் பணத்தையும் ஆதாரத்தோட காட்டி, இது ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண தொழில், பேர்ல மட்டும் அவர் இருக்கார்னு சொல்லலாம். பார்ட்னர்ஷிப்புக்கு எழுத்து கட்டாயம் இல்ல, வாய்ப்பேச்சா இருந்தாலும் பார்ட்னர்ஷிப்தான், நிரூபிக்கிறதுதான் கஷ்டம். 2023 ஜூன்ல மெட்ராஸ் ஹைகோர்ட்டுல ஒரு தீர்ப்பு வந்துச்சு, வீட்டையும் பிள்ளைங்களையும் பாத்துக்கிட்ட பொண்டாட்டியோட உழைப்பும் சொத்து சேர்ந்ததுல ஒரு பங்குதான், அவங்களுக்கும் சம உரிமை உண்டுன்னு. அது விவாகரத்து கேஸ் இல்ல, சொத்து கேஸ், எல்லா கேஸ்லயும் அப்படியே வரும்னு நினைச்சுக்காதீங்க, ஆனா வக்கீல்கிட்ட அதை எடுத்துச் சொல்லுங்க.

பங்கு கிடைக்கலன்னாலும் ஜீவனாம்சம் இருக்கு. இந்து திருமணச் சட்டத்துல, கேஸ் நடக்கும்போது செக்‌ஷன் 24, முடியும்போது நிரந்தரமா செக்‌ஷன் 25. தொகை போடும்போது அவரோட வருமானம், சொத்து எல்லாத்தையும் கோர்ட் பாக்கும், கடை நல்லா ஓடுதுன்னு காட்டுனா அது தொகையில தெரியும். நிறைய கேஸ்ல கடையில பங்கு வர்றதுக்குப் பதிலா இந்த வழியிலதான் பணம் வருது.

ஆதாரம்னா என்னன்னு கேப்பீங்க. ஒரு கடையில அந்தம்மா எழுதுன ஆர்டர் நோட்டு இருந்துச்சு, நீளமான கோடு போட்ட நோட்டு, ஒவ்வொரு பக்கமும் அவங்க கையெழுத்து, பாதாம் எவ்வளவு, டார்க் எவ்வளவு, எந்த ஓட்டலுக்கு எத்தனை கிலோ, ஓரத்துல அட்வான்ஸ் தொகை, கோகோ கறை வேற. அது மாதிரி நோட்டு பெரிய ஆதாரம்ங்க. சப்ளையர் கூட பேசுன வாட்ஸ்அப், பார்சல் ஆபீஸ் ரசீதுல உங்க கையெழுத்து, உங்க அக்கவுண்ட்ல இருந்து சரக்குக்கு போன பணம், கடையில நீங்க நிக்கிற பழைய போட்டோ, எல்லாத்தையும் காப்பி எடுத்து கடைக்கு வெளிய ஒரு இடத்துல வைங்க. ஃபேமிலி கோர்ட்டுல ஆதார விதி கொஞ்சம் தளர்வு, உபயோகமா இருக்கும்னு நினைச்சா எந்த ரிப்போர்ட்டையும் டாக்குமெண்ட்டையும் எடுத்துக்கலாம்.

என் நகையை அடகு வச்சுத்தான் கடை ஆரம்பிச்சோம்.

நகை உங்களோட ஸ்திரீதனம். 1985லயே சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, அது பொண்ணோட தனிச் சொத்து, புருஷன் கையில இருந்தா அவர் பாத்துக்கிற ஆள் மட்டும்தான். கஷ்டத்துக்கு அவர் எடுத்து செலவு பண்ணாலும் திருப்பித் தர்ற கடமை அவருக்கு இருக்கு. அதனால கடையில பங்கு கேக்குறது ஒரு பக்கம் இருக்கட்டும், நகையையோ அதோட மதிப்பையோ கேக்குறது இன்னொரு தனிக் கோரிக்கை, ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க.

பிரச்சினை எங்க வருதுன்னா, அடகு ரசீது அவர் பேர்ல இருக்கும். பேங்க்காரங்க உங்களுக்கு ஸ்டேட்மெண்ட் தரமாட்டாங்க. அதனால ரசீது வீட்டுல இருக்கும்போதே போட்டோ எடுத்துக்கோங்க, எடை எழுதியிருக்கும், கல்யாண ஆல்பத்துல அதே ஆரம், அதே வளையல் தெரியும், அம்மா வீட்டுல நகைக்கடை பில் இருந்தா இன்னும் நல்லது. அடகு வச்ச தேதியும் கடைக்கு அட்வான்ஸ் குடுத்த தேதியும் பக்கத்துல பக்கத்துல இருந்தா அதுவே கதையைச் சொல்லிரும்.

நான் ஆம்பளை கேக்குறேன். கடை லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் பொண்டாட்டி பேர்ல, பெண்கள் ஸ்கீம்ல லோன் கிடைக்கும்னு அப்படி போட்டோம். முதல் போட்டது பூரா என் பணம்.

உங்களுக்கும் வழி இருக்குங்க. பினாமி சட்டத்துல, கணக்குல உள்ள வருமானத்துல இருந்து பொண்டாட்டி பேர்ல வாங்குறதுக்கு விலக்கு இருக்கு, அதனால அது என் பணம்னு நீங்க கேஸ் போடத் தடை இல்ல. ஆனா பேங்க் வழியா போன பணத்தைத்தான் காட்ட முடியும், கையில குடுத்ததுக்கு சாட்சி யாரு? அதோட அவங்க பேர்ல குடுத்தது அன்பளிப்புதான்னு அவங்க சொல்லலாம். லோன் அவங்க பேர்ல இருக்குங்கிறதையும் மறக்காதீங்க, கடையைக் கேட்டா கடனையும் சேர்த்துத்தான் கேக்கணும். வருமானமே இல்லாத புருஷன் செக்‌ஷன் 24, 25ல ஜீவனாம்சமும் கேக்கலாம், அந்த செக்‌ஷன் ரெண்டு பேருக்கும் பொது.

பார்ட்னர்ஷிப் டீட் போட்டிருக்கோம், ரிஜிஸ்டர் பண்ணல.

டீட் இருந்தா பாதி தலைவலி குறைஞ்சுது. அதுல எழுதுன விகிதம்தான். விகிதம் எழுதலன்னா 1932 பார்ட்னர்ஷிப் சட்டப்படி சமம். ரிஜிஸ்டர் ஆகாத ஃபர்ம்னா சாதாரணமா ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போட முடியாது, ஆனா ஃபர்மைக் கலைக்கவும் கணக்கு கேக்கவும் போடலாம், நமக்கு வேணுங்கிறது அதுதானே. ஒருத்தர் விலகி இன்னொருத்தர் தொழிலை நடத்திக்கிட்டே கணக்கை முடிக்காம இழுத்தடிச்சா, விலகுனவர் தன் பங்குப் பணத்துக்கு உண்டான லாபத்தையோ இல்ல வருஷம் 6% வட்டியையோ கேக்கலாம், எது வேணும்னு அவரே முடிவு பண்ணலாம்.

ரெண்டே பேர் இருக்கிற ஃபர்ம்ல ஒருத்தர் விலகுனா ஃபர்ம் அங்கயே முடிஞ்சுது. மிச்சம் இருக்கிறவர் தனி ஆளா புது ஜிஎஸ்டி எடுக்கணும், பழைய கணக்குல மிச்சம் இருக்கிற இன்புட் வரியை (சரக்கு வாங்கும்போது கட்டுன ஜிஎஸ்டி) ஐடிசி-02 படிவத்துல மாத்திக்கலாம், விட்றாதீங்க. விலகுனவர் பேப்பர்ல அறிவிப்பு, ரிஜிஸ்டரான ஃபர்ம்னா பதிவாளருக்கும் தகவல் குடுத்துடணும், இல்லன்னா அப்புறம் வர்ற கடனுக்கும் அவர் வாசல்ல வந்து நிப்பாங்க.

பிரைவேட் லிமிடெட் கம்பெனின்னா?

நம்ம பக்கம் கம்மி, சில ரிசார்ட் இருக்கு. கம்பெனி சொத்து கம்பெனிக்கு, உங்களுக்கு ஷேர்தான். விவாகரத்து ஆனதால டைரக்டர் பதவி தானா போகாது. பெரும்பான்மை ஷேர் வச்சுக்கிட்டு ஒருத்தரை ஓரங்கட்டுனா சென்னை என்சிஎல்டில, அதாவது கம்பெனி வழக்குக்கான தீர்ப்பாயத்துல, 10% ஷேர் இருக்கிறவங்க போகலாம்.

கடைக்கு எப்படிங்க விலை போடுறது? அவர் ரெண்டு லட்சம்ங்கிறார், நான் இருபது லட்சம்ங்கிறேன்.

இங்க வந்துதான் எல்லாப் பேச்சும் முட்டி நிக்கும். நான் செய்யுற முறையைச் சொல்றேன்.

முதல்ல கண்ணுக்குத் தெரியுற சாமான். உதாரணத்துக்கு மெஷின், மோல்டு, ஃப்ரிட்ஜ், ஷோகேஸ் இன்னைக்கு வித்தா 4 லட்சம், சரக்கு 2 லட்சம், கடை அட்வான்ஸ் 5 லட்சம், ஆக 11. லோன் பாக்கி 3 லட்சம் கழிச்சா 8 லட்சம். அடுத்து லாபம். மூணு வருஷ சராசரி 6 லட்சம்னு வைங்க, அதுல ரெண்டு பேரும் உழைச்சதுக்கு ஆளுக்கு மாசம் 15,000 சம்பளம் போட்டா வருஷத்துக்கு 3,60,000 போயிடும், மிச்சம் 2,40,000 தான் கடைன்னு ஒண்ணு இருக்கிறதால வர்ற லாபம். அதை ரெண்டு வருஷத்துக்கு வச்சா 4,80,000, அதுதான் குட்வில், கடையோட பேருக்கான மதிப்பு. மொத்தம் 12,80,000. சமப் பங்குன்னா ஆளுக்கு 6,40,000. எத்தனை வருஷத்துக்கு வைக்கிறதுங்கிறது பேசி முடிவு பண்றது, சட்டத்துல எழுதி இல்ல.

சம்பளத்தைக் கழிக்காம விட்டா கடையில நிக்கப் போறவருக்கு அநியாயம், கழிக்கும்போது ஒருத்தருக்கு மட்டும் சம்பளம் போட்டுட்டு இன்னொருத்தர் உழைப்பை சும்மான்னு விட்டா அதைவிட அநியாயம். பெரும்பாலும் விடுபடுறது பொம்பளைங்க சம்பளம்தான்.

நம்ம ஊருக்குன்னு சில விஷயம் இருக்கு. ஏப்ரல் மே சீசன் வியாபாரத்தை வச்சு வருஷம் பூரா கணக்குப் போடாதீங்க, ஜூலை மழையில கடை எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா. 2020, 2021 கொரோனா வருஷத்தையும் சராசரியில சேர்க்காதீங்க. 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் சொல்லி வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, 2025 சீசன்ல வார நாள்ல 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 வண்டின்னு வரம்பு வேற போட்டாங்க, அதனால அதுக்கு முந்தின கணக்கைக் காட்டி விலையை ஏத்துறதும் சரி வராது. காட்டேஜா இருந்தா பிளான் அப்ரூவல், லைசென்ஸ் இருக்கான்னு முதல்ல பாருங்க, அது இல்லாத கட்டடத்துக்கு என்ன விலை போட்டாலும் நாளைக்கு சீல் வச்சா பூஜ்ஜியம்.

ரெசிபி, கடைப் பேர், இன்ஸ்டா, போன் நம்பர் எல்லாம் யாருக்கு?

உண்மையான கடை இதுதாங்க. ஒரு பேக்கரிக்கு அடுப்பை விட, பத்து வருஷமா டீக்கடைக்காரங்க வர்க்கிக்கு ஆர்டர் சொல்ற அந்த போன் நம்பர்தான் பெருசு. சிம் யார் பேர்ல, கூகுள் மேப்ல கடையை யார் மெயில்ல பதிஞ்சிருக்கீங்க, ட்ரேட்மார்க் எடுத்திருந்தா யார் பேர்ல, கல்லால ஒட்டியிருக்கிற க்யூஆர் கோடு யார் அக்கவுண்ட்டுக்கு போகுது, இதெல்லாம் ஒப்பந்தத்துல தனித்தனியா எழுதணும். கைப்பக்குவத்தை யாரும் பிரிச்சு எடுக்க முடியாது, அவங்க வேற கடை போட்டா அதே ருசி அங்கயும் இருக்கத்தான் செய்யும். குட்வில்லுக்கு பணம் வாங்கிட்டவர் இத்தனை வருஷம் இந்த ஏரியாவுல இதே தொழில் பண்ணக் கூடாதுன்னு எழுதலாம், நியாயமான அளவுல இருந்தா செல்லும். குட்வில்லுக்கு காசே குடுக்காம நீ சாக்லேட் தொழிலே பண்ணாதேன்னு எழுதுனா செல்லாது.

உணவுக் கடைன்னா ஃபுட் சேஃப்டி லைசென்ஸ் பேர் மாத்தி வராது, நடத்தப் போறவர் பேர்ல புதுசா எடுக்கணும். முனிசிபாலிட்டி கடையா இருந்தா வாடகை யார் பேர்ல ஒதுக்கியிருக்குன்னு பாருங்க, உங்களுக்குள்ள எழுதிக்கிட்டது முனிசிபாலிட்டியைக் கட்டுப்படுத்தாது.

தேயிலைத் தோட்டம் மாமனார் காலத்துது. இலை பறிச்சது பூரா நான்.

பூர்வீக நிலத்துல மருமகளுக்குப் பங்கு இல்லைங்க. நிஜமாவே பூர்வீகச் சொத்தா இருந்தா உங்க பிள்ளைங்களுக்கு பிறப்புலயே பங்கு உண்டு, பொண்ணா இருந்தாலும். நம்ம பக்கம் தாத்தா பேர்ல கூட்டுப் பட்டாவா கிடக்குறது நிறைய, அப்போ புருஷனோட பங்கே எவ்வளவுன்னு முதல்ல தெரியணும். ஆனா ஃபேக்டரிக்கு இலை போட்ட பணம் வருமானம், அது ஜீவனாம்சக் கணக்குல வரும். இலை எடை போட்ட சிட்டு, ஃபேக்டரி பாஸ்புக்கு எடுத்து வைங்க, பச்சை இலை விலை ஏறி இறங்குறதால ஒரு மாசத்தை மட்டும் காட்டாம ரெண்டு மூணு வருஷத்துக்கு காட்டுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து வாங்குன நிலம்னா அது வேற கதை, மேல சொன்ன மாதிரி பங்கு கேக்கலாம்.

கூடலூர் பக்கம் செக்‌ஷன் 17 நிலத்துல கடை, வீடு.

1969 ஜென்மம் (பழைய ஜமீன் மாதிரி நில உரிமை) ஒழிப்புச் சட்டத்துல இன்னும் முடியாம கிடக்குற நிலம், பட்டா இல்ல. அதனால நிலத்துக்கு பட்டா நில விலை போட்டு பங்கு பிரிக்காதீங்க. தொழில், சாமான், சரக்கு மட்டும் கணக்குல எடுங்க, அனுபவத்துல யார் இருக்கப் போறாங்கன்னு தனியா எழுதுங்க.

கடன்?

பேங்குக்கு உங்க விவாகரத்தைப் பத்தி அக்கறை இல்ல. யார் கையெழுத்துப் போட்டாங்களோ, யார் ஜாமீன் நின்னாங்களோ அவங்க கட்டணும், கடனை அவர் கட்டுவார்னு கோர்ட்டுல எழுதியிருந்தாலும் அது உங்க ரெண்டு பேருக்குள்ளதான். அதனால பங்கு பிரிக்கும்போதே பேங்க்ல பேசி, ஜாமீன்ல இருந்து பேரை எடுத்தோம்னு லெட்டர் வாங்கிட்டு கையெழுத்துப் போடுங்க. ரொம்ப முக்கியமா மகளிர் குழு லோன். அவங்க பேர்ல எடுத்து அவர் கடைக்கு போட்டிருப்பாங்க, பிரிஞ்சதும் தவணை அவங்க தலையில, கட்டலன்னா கூட இருக்கிற பொம்பளைங்க முன்னாடி தலைகுனிவு. இதை மறக்காம லிஸ்ட்ல முதல்ல எழுதுங்க.

கேஸ் போட்டா அவர் கடையை வித்துருவாரோன்னு பயமா இருக்கு.

2005 குடும்ப வன்முறைச் சட்டத்துல செக்‌ஷன் 18ல மாஜிஸ்திரேட் தடை போடலாம், சொத்தை விக்கக் கூடாது, பேங்க் அக்கவுண்ட், லாக்கரைத் தொடக் கூடாதுன்னு, அவர் தனிப் பேர்ல இருந்தாலும். காசு குடுக்காம முடக்குறதும் அந்தச் சட்டத்துல வன்முறைதான். சிவில் பக்கம் இடைக்காலத் தடை ஆம்பளை பொம்பளை யாரும் கேக்கலாம். லேட் பண்ணாதீங்க.

வருமானமே இல்லைன்னு ஐடி ரிட்டர்ன் காட்டுறார். கடையில கூட்டம் நிக்குது.

2020ல சுப்ரீம் கோர்ட் சொன்னதுல இருந்து ஜீவனாம்சக் கேஸ்ல ரெண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாம் பிரமாணப் பத்திரமா தாக்கல் பண்ணியே ஆகணும். பொய் சொன்னா நடவடிக்கை உண்டு. ஜிஎஸ்டி ரிட்டர்ன், கரண்ட் பில், பால் பில், கோகோ வாங்குன பில், க்யூஆர் வரவு எல்லாத்தையும் வச்சுப் பாத்தா வியாபாரம் எவ்வளவுன்னு மறைக்க முடியாது. ஆனா ஒண்ணு சொல்லணும், இத்தனை வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து கம்மியா கணக்கு காட்டியிருந்தா, இப்போ பெருசா இருந்துச்சுன்னு சொல்றது உங்களையும் இழுக்கும், பேர் உங்களுது இருந்தா கண்டிப்பா. வக்கீல்கிட்ட ஒளிக்காம சொல்லிருங்க.

பேசி முடிச்சுக்கிறோம். எப்படி எழுதணும்?

முடியும்னா இதுதாங்க நல்ல வழி, கடை உயிரோட இருக்கும். ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்தா இந்து திருமணச் சட்டத்துல செக்‌ஷன் 13பி, பரஸ்பர சம்மத மனு. நடுவுல ஆறு மாசம் காத்திருக்கணும், எல்லாம் பேசி முடிஞ்சிருந்தா கோர்ட் அதைத் தளர்த்தலாம்னு 2017ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

ரெண்டாவது தடவை கோர்ட்டுல சம்மதம் சொல்ற வரைக்கும் யார் வேணா பின்வாங்கலாம். அதனால முதல் நாளே மொத்தப் பணத்தையும் குடுத்துறாதீங்க, மொத்தக் கடையையும் எழுதிக் குடுத்துறாதீங்க, பாதி முதல் மனு அன்னைக்கு, மீதி ரெண்டாவது அன்னைக்கு. தவணைன்னா மாசாமாசம்னு போடாம மே கடைசி, அக்டோபர் கடைசி, ஜனவரின்னு சீசன் முடியுற மாதிரி போடுங்க, கடைக்காரர் கையில அப்போதான் காசு இருக்கும். தவறுனா என்ன வட்டி, எந்தச் சொத்து ஈடுன்னு எழுதியே ஆகணும்.

கட்டடமோ நிலமோ கை மாறுதுன்னா தீர்ப்புக்கு முன்னாடி, இன்னும் புருஷன் பொண்டாட்டியா இருக்கும்போதே செட்டில்மெண்ட் பத்திரம் போடுறதைப் பத்தி வக்கீல்கிட்ட கேளுங்க. 2023 ஜூலைல ஏத்துன ரேட்படி குடும்பத்துக்குள்ள முத்திரை 1%, அதிகபட்சம் 40,000, பதிவு 1%, அதிகபட்சம் 10,000. விவாகரத்து ஆகிட்டா குடும்பம் இல்ல, விலை ஆவணம், 7% கூட 2%. 30 லட்சம் மதிப்புக்கு முதல்ல சொன்னது 40,000, ரெண்டாவது 2,70,000. பதியுறதுக்கு முன்னாடி அப்போதைய ரேட்டை பத்திர ஆபீஸ்ல ஒரு தடவை கேட்டுக்கோங்க.

எங்க ஊர்ல பெரியவங்க உக்காந்து பேசி தீர்த்து வச்சுட்டாங்க, கோர்ட்டுக்கு எதுக்கு?

சொத்து பிரிச்ச பேச்சை எழுதி கையெழுத்து வாங்கி வச்சிருந்தா அது நல்ல ஆதாரம். ஆனா விவாகரத்து வேற. உங்க சமூகத்துல வழக்கப்படி தீர்க்குற முறை இருக்குன்னு கோர்ட்டுல நிரூபிச்சாத்தான் அது செல்லும். தோடர், கோத்தர் மாதிரி பழங்குடிகளுக்கு இந்து திருமணச் சட்டமே வராது, அவங்க வழக்கம்தான் சட்டம்.

நாங்க கிறிஸ்டியன் / முஸ்லிம்.

விவாகரத்துச் சட்டமும் ஜீவனாம்ச செக்‌ஷனும் மாறும். பார்ட்னர்ஷிப், பேங்க் கடன், விலை போடுறது, குடும்ப வன்முறைச் சட்டம், ஃபேமிலி கோர்ட் எல்லாம் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

பிரிஞ்சதுக்கு அப்புறமும் சேர்ந்தே கடை நடத்தலாமா?

நடத்துறவங்க இருக்காங்க. அப்படின்னா புதுசா டீட் போடுங்க, யார் என்ன வேலை, யார் கையெழுத்துல செக், ஒருத்தர் விலகுனா எப்படி விலை போடுறதுன்னு அப்பவே எழுதிருங்க. வாய்ப்பேச்சுல மட்டும் வேண்டாம்.

வக்கீலுக்கு குடுக்க காசு இல்ல, அம்மா வீடு மேட்டுப்பாளையம், ஊட்டிக்கு வாய்தாவுக்கு ஏறி இறங்க முடியாது.

பொண்டாட்டி இப்போ குடியிருக்கிற ஊர்லயே மனு போடலாம், 2003ல இருந்து இந்து திருமணச் சட்டத்துல செக்‌ஷன் 19ல அது இருக்கு. அவர் ஏற்கனவே ஊட்டியில போட்டிருந்தா கேஸை மாத்தச் சொல்லி ஹைகோர்ட்டுல கேக்கலாம். வக்கீல் விஷயத்துல, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல எழுதிக் குடுங்க, 15100க்கு போன் பண்ணாலும் சொல்வாங்க. போகும்போது ஆதார், கல்யாணப் பத்திரிகை, கடை லைசென்ஸ் காப்பி, அடகு ரசீது போட்டோ, அந்த ஆர்டர் நோட்டோட ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஒரிஜினலை யார் கேட்டாலும் குடுக்காதீங்க.